ஆறாயிரம் வெள்ளிக்குக் கீழே ஒரு கதவு

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மூலை மேசையில் அண்ணன் மடிக்கணினியைத் திறந்து, இயர்போனில் ஒன்றைத் தன் காதிலும் மற்றொன்றை என் காதிலும் செருகினார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவருக்கு அது சாதாரண நடை. ஒரு பக்கத்தை நான் கண்ணால் மேய்வதற்குள் அவர் மூன்று பக்கம் கேட்டு முடித்துவிடுவார்.

ஓர் அரசு அலுவலகம் ஊழியர் நலநாளுக்காக நாற்காலி மசாஜுக்கு விலைப்புள்ளி கேட்டிருந்தது. இணைப்புக் கோப்பைத் திறந்தார். குரல் நின்றுவிட்டது. மறுபடி தட்டினார். வெற்றுப் பக்கம் என்றது கணினி. திரையைப் பார்த்தால் பக்கம் நிறைய எழுத்து. யாரோ அச்சடித்துக் கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். என் கண்ணுக்கு அது ஆவணம். அவருடைய கணினிக்கு வெறும் படம்.

“கடைசி நாள் என்னைக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு, தம்பி.”

“நாளை மறுநாள், நாலு மணி, அண்ணே.”

அண்ணன் பார்வையற்றவர். அவருக்கு மசாஜ் தொழில், சொந்தப் பதிவு, சொந்த நாற்காலி. எனக்குச் சிறு நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி தயாரித்துக் கொடுக்கும் வேலை. அன்று அவர் அருகில் உட்கார்ந்து கற்றதையும் அதன் பிறகு கற்றதையும் இங்கே எழுதுகிறேன். பார்வையற்ற தொழில்முனைவோருக்கும், அவர்களுக்குக் கைகொடுக்கும் குடும்பத்தாருக்கும், அரசு அலுவலகத்தில் கொள்முதல் பார்க்கும் நம்மவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

இங்கே ஒதுக்கீடு இல்லை

அமெரிக்காவில் 1936இலேயே ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம் வந்தது. மத்திய அரசுக் கட்டடங்களில் சிற்றுண்டிக் கடை, தின்பண்டக் கடை நடத்த உரிமம் பெற்ற பார்வையற்றோருக்கு அது முன்னுரிமை தருகிறது. 1974இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். ஸ்பெயினில் 1938 முதல் ஓன்சே என்ற பார்வையற்றோர் அமைப்பின் கையில் தனி லாட்டரி நடத்தும் உரிமை இருக்கிறது. தென்கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றோருக்கு மட்டும்தான். 2006இல் அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்வையற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2008இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழில் தொடங்கச் சலுகை விலையில் அரசு தரும் நிலத்தில் 5 விழுக்காட்டை ஒதுக்கச் சொல்கிறது.

சிங்கப்பூரில் அரசாங்க ஒப்பந்தத்தில் பார்வையற்றோருக்கென்று இப்படிப் பிரித்து வைத்த பங்கு கிடையாது. நியாயம், திறந்த போட்டி, கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்பவைதான் இங்கே கொள்முதல் கொள்கை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க வந்தது. ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான சட்டம். விலைப்புள்ளி கொடுக்கும் நீங்கள் ஊழியர் அல்ல, வணிகர். இந்த வேறுபாடு தெரியாமல் “சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று இருந்த இருவரை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே இங்கே வாய்ப்பைப் பாதுகாப்பது என்றால், கதவு எங்கே திறந்திருக்கிறது என்று அறிந்து அதன் வழியே உள்ளே போவது. திறக்காத கதவை எழுத்து மூலம் தட்டுவதும் அதில் சேர்த்தி.

மூன்று படிகள்

அரசாங்கம் பொருளும் சேவையும் வாங்குவது பெரும்பாலும் ஜீபிஸ் என்ற இணையவாசல் வழியே. 6,000 வெள்ளி வரையுள்ளது சிறு கொள்முதல். அதற்கு மேல் 90,000 வெள்ளி வரை விலைப்புள்ளி. அதையும் தாண்டினால் ஏலக்குத்தகை.

புதிதாக வருகிறவர்கள் கண் வைக்க வேண்டியது முதல் படியில். 6,000 வெள்ளிக்குள் அடங்கும் வேலைக்கு அதிகாரி ஜீபிஸில் போட்டி அறிவிக்கத் தேவையில்லை. தமக்குத் தெரிந்த இடத்தில் நேரடியாக வாங்கலாம், அல்லது இரண்டு மூன்று பேரிடம் வாய்மொழியாக விலை கேட்கலாம். இந்தப் படியில் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த அதிகாரிக்கு உங்களைத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. ஊழியர் நலநாள், குடும்ப தினம், விருந்தினருக்கான நினைவுப் பரிசு, உடற்குறை பற்றிய விழிப்புணர்வுப் பட்டறை, ஒரு மணி நேர இசை நிகழ்ச்சி, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, பிரெய்லில் அச்சிடுவது என்று பெரும்பாலும் இந்த அளவுக்குள் முடிகிற வேலைகள் ஏராளம்.

அதற்காக, 9,000 வெள்ளி வேலையை இரண்டாகப் பிரித்துத் தரும்படி அதிகாரியிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். போட்டியைத் தவிர்க்கக் கொள்முதலைத் துண்டு போடக்கூடாது என்பது அவர்கள் விதி. தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் ஆண்டுதோறும் கொள்முதல் தவறுகளை அறிக்கையில் போடுகிறது. நல்ல மனதோடு உதவியவர் உங்களால் மாட்டிக்கொண்டால், அடுத்த பத்து அதிகாரிகள் உங்கள் அழைப்பை எடுக்க யோசிப்பார்கள்.

பதிவு உங்கள் கையில் இருக்கட்டும்

தனிநபர் வணிகமாக, வணிகப் பதிவு ஆணையமான அக்ராவில் பதிய, பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, ஆக 115 வெள்ளி. அதோடு யுஇஎன் என்ற வணிக அடையாள எண் கிடைக்கும். அதை வைத்து நிறுவன அனுமதிகளுக்கான கார்ப்பாஸ் கணக்கு, பிறகு ஜீபிஸ் வணிகக் கணக்கு. 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்களும் தனிநபர் மின் அடையாளமான சிங்பாஸ் வழியேதான் உள்ளே நுழைகின்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பெரிய இழப்புகள் இங்கேதான் நடந்தன. திரையில் ஒரு பொத்தான் பேசவில்லை, ஒரு படிவம் நகரவில்லை. பக்கத்தில் இருக்கும் மருமகனோ நண்பரோ “போனைக் கொடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்” என்கிறார். சிங்பாஸும் கடவுச்சொல்லும் கைமாறுகின்றன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வணிகத்தின் பெயர் மட்டும் இவருடையது, வங்கிக் கணக்குக்கு வரும் பணம் எங்கே போகிறது என்பது வேறொருவருக்குத் தெரியும். தனிநபர் வணிகத்தில் கடனுக்கும் வழக்குக்கும் சொந்தச் சொத்தோடு பொறுப்பேற்பவர் உரிமையாளர்தான். “நான் பார்க்கவில்லை” என்ற பதில் அங்கே செல்லாது.

இதற்கு வழி இருக்கிறது. கார்ப்பாஸில் நிர்வாகியாக நீங்களே இருங்கள். உதவி செய்பவரைத் தனிப் பயனராகச் சேர்த்து, ஜீபிஸ் சேவைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அவர் தம் சொந்த சிங்பாஸில் நுழைவார். உறவு முறிந்தால் ஒரு தட்டில் அனுமதியை நீக்கிவிடலாம். அண்ணன் தன் தங்கை மகளுக்கு இப்படித்தான் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. “மாமா கணக்குல என் பேருல ஒரு சாவி” என்று சிரிக்கிறாள்.

கருவிகளுக்கு உதவி உண்டு. என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் இலவசம், அதில் தமிழ்க் குரலும் வருகிறது. பிரெய்ல் திரை போன்ற விலை கூடிய கருவிகளுக்கு உதவித் தொழில்நுட்ப நிதி 90 விழுக்காடு வரை தரும். ஒருவருக்கு ஆயுள் முழுமைக்கும் 40,000 வெள்ளி உச்சவரம்பு, குடும்ப வருமானச் சோதனை உண்டு. லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் கேளுங்கள். தோ பாயோ ரைஸில் உள்ள பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கமும் வழிகாட்டும். 1951இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில், உங்கள் தொழிலை உங்களுக்கு முன்பே செய்து பார்த்தவர் எவராவது இருப்பார். முதலில் அவரைத் தேடுங்கள்.

படிக்க முடியாத ஆவணம் வந்தால்

மறுபடி தேக்கா மேசைக்கு வருகிறேன். நான் அந்த ஆவணத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். அண்ணன் ஒப்பவில்லை. “இன்னைக்கு நீ இருக்கே. அடுத்த தடவை?” என்றார். அறிவிப்பில் இருந்த அதிகாரியின் முகவரிக்குத் தானே மின்னஞ்சல் தட்டினார்.

நான்கே வரி. நான் பார்வையற்ற தொழில்முனைவர், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறேன். இன்ன எண் கொண்ட உங்கள் விலைப்புள்ளி ஆவணம் படமாக ஏற்றப்பட்டிருப்பதால் என்னால் வாசிக்க முடியவில்லை. எழுத்து வடிவக் கோப்பை இன்று மாலைக்குள் அனுப்ப இயலுமா? தாமதமானால் அதற்கு ஈடாகக் கடைசி நேரத்தை எல்லாருக்கும் நீட்டிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது “எல்லாருக்கும்” என்ற சொல். தனக்கு மட்டும் கூடுதல் நேரம் கேட்டிருந்தால், மற்றவர்களுக்கு அநியாயமாகிவிடும் என்று அதிகாரி மறுக்க இடம் இருந்திருக்கும். மறுநாள் காலை வேர்ட் கோப்பு வந்தது, ஒரு வருத்தக் குறிப்போடு. அந்த அதிகாரி வேண்டுமென்று செய்திருக்கவில்லை. தன் கோப்பு யார் காதில் போய் முடியும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தொலைபேசியில் கேட்டாலும் பின்னால் மின்னஞ்சலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். நேரில் இடத்தைக் காட்டும் நிகழ்வு இருந்தால், உடன் ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வாசல், மின்தூக்கி, அறையின் அளவு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்டிப்பாக மையில் கையெழுத்து வேண்டும் என்றால், எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்பதையும் கேளுங்கள். தெரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

விலை போடும் கணக்கு

அந்த முதல் விலைப்புள்ளி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஜீபிஸில் அறிவிக்கும் வேலைகளை யார், என்ன விலைக்குப் பெற்றார்கள் என்பது பிறகு அங்கேயே வெளியாகும். வென்றவரின் விலை எங்களுடையதைவிடக் குறைவு. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. அலுவலகம் கேட்டது மூன்று மணி நேரம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மூன்று மணிக்குப் பன்னிரண்டு பேர் என்று எண்ணி அதற்கு விலை போட்டிருந்தோம். நடைமுறையில் ஒருவர் எழுந்து போய், நாற்காலியைத் துடைத்து, அடுத்தவரை உட்கார வைத்து உயரம் சரிபார்க்க மூன்று நிமிடம் ஆகும். அப்படிப் பார்த்தால் பதினெட்டு நிமிடத்துக்கு ஒருவர், மூன்று மணிக்குப் பத்தே பேர். முடிக்க முடியாத எண்ணிக்கைக்கு விலை கேட்டிருக்கிறோம், அதனால்தான் மொத்தமும் கூடிப்போனது. கிடைக்காமல் போனதே நல்லது என்றார் அண்ணன். உண்மைதான். விலைப்புள்ளி கொடுத்துவிட்டு, செல்லுபடியாகும் காலத்துக்குள் பின்வாங்கினால் அரசாங்க வேலைகளிலிருந்து விலக்கி வைக்கும் நடவடிக்கைகூட வரலாம்.

இன்னொன்று, ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதியாத சிறு வணிகர் ரசீதில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று போடக்கூடாது, அது குற்றம். ரசீது மின்வடிவில் அனுப்ப வேண்டும். முதல் முறை அந்தப் படிவத்தோடு மல்லாட நேரம் ஒதுக்குங்கள்.

உங்கள் குறை உங்கள் தொழில் அறிவாக மாறும் ஒரு துறையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அரசு இணையத்தளங்களும் செயலிகளும் எல்லாரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தனித் தர விதிகள் உண்டு. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கோவ்டெக் இதைச் சோதிக்க ஊபி என்ற இலவச மென்பொருளையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒரு பங்கு பிழையைத்தான். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது சொல்லும். அந்தப் பெயரைக் கேட்ட மனிதருக்கு அடுத்து என்ன செய்வது என்று புரிந்ததா என்பதை, நாள் முழுக்க ஸ்கிரீன் ரீடரோடு வாழ்கிறவர்தான் சொல்ல முடியும். கணினியில் கை பழகிய இளைஞர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து இதை ஒரு சேவையாக நடத்தலாம். தமிழ்ப் பக்கங்களைத் தமிழ்க் குரலில் கேட்டுப் பிழை சொல்ல இந்த ஊரில் நம்மைவிட்டால் ஆள் ஏது?

பெரிய ஏலக்குத்தகைகளைத் தூரத்தில் வைத்துப் பார்த்து ஏங்க வேண்டாம். பல சிறு வேலைகளை ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கட்டிவிடுவது நிர்வாகத்துக்கு வசதி, சிறு வணிகருக்கு அடி. அப்படிக் கட்டியதை வென்றவர் யார் என்பது ஜீபிஸில் இருக்கிறது. ஓர் இலாகாவின் குடும்ப தினத்தை ஏற்று நடத்தும் நிறுவனத்துக்கு மசாஜ் கூடாரமும் பாட்டும் பட்டறையும் வேண்டியிருக்கும். அறிவிப்பு வந்த வாரத்திலேயே கூப்பிடுங்கள். துணைக் குத்தகை என்றால் பணம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள்.

கேட்க வேண்டியதைச் சேர்ந்து கேட்போம்

அரசாங்கக் கொள்முதலில் சமூக நோக்கத்துக்கு இடமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. 2023 மார்ச் முதல், தகுதிபெறும் நிறுவனங்கள் அரசாங்க ஒப்பந்தம் பெறப் படிப்படியான சம்பள முத்திரை வைத்திருக்க வேண்டும். 2024 நிதியாண்டு முதல் பெரிய கட்டுமான, தகவல் தொழில்நுட்ப ஏலக்குத்தகைகளின் மதிப்பீட்டில் 5 விழுக்காடு வரை புள்ளிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. குறைந்த சம்பளக்காரருக்காகவும் பூமிக்காகவும் விதியை மாற்ற முடிந்தது. பார்வையற்றவர் நடத்தும் வணிகத்துக்கும், அவரைத் துணைக் குத்தகைக்காரராகச் சேர்க்கும் நிறுவனத்துக்கும் சில புள்ளிகள் ஏன் கூடாது?

உலக வர்த்தக உடன்பாடு கையைக் கட்டுகிறது என்பது அடுத்த பதில். சிங்கப்பூர் 1997இல் சேர்ந்த அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டைத்தான் சொல்கிறார்கள். அதன் மூன்றாம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உடற்குறையுள்ளோர் தரும் பொருள்கள், சேவைகள் தொடர்பான நடவடிக்கைகளுக்கு அங்கே விலக்கு எழுதியே இருக்கிறது. 2013இல் சிங்கப்பூர் உறுதிசெய்த ஐநா உடற்குறையுள்ளோர் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவோ, சுயதொழிலையும் தொழில்முனைப்பையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனால் இந்த இரண்டு பிரிவுகளையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவது மேல். பார்வை இழந்த ரான் சந்திரன்-டட்லி தலைமையில் உடற்குறையுள்ளோரின் உலக அமைப்பு 1981இல் இதே சிங்கப்பூரில்தான் கூடித் தொடங்கியது. 1986இல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கம் பதிவானது. கேட்கும் பழக்கத்தை நமக்கு விட்டுப்போனவர்கள் அவர்கள்.

கொள்முதல் அதிகாரிகளாக இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு மூன்றே வேண்டுகோள். ஸ்கேன் செய்யாமல் மூலக் கோப்பை ஏற்றுங்கள். சிறு கொள்முதலுக்கு விலை கேட்கும் பட்டியலில் பார்வையற்றவர் ஒருவரின் எண்ணையும் சேருங்கள், சலுகை வேண்டாம், கேட்டால் போதும். வேலை பிடித்திருந்தால் நாலு வரி சான்றுக் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதம் அடுத்த அலுவலகத்தில் பேசும்.

அண்ணனுக்கு முதல் அரசு வேலை ஒரு சிறு கொள்முதலாகத்தான் வந்தது. மூன்று மணி நேரம், பத்து பேர். தொட்டு உணரும் கைக்கடிகாரத்தைத் தடவித் தடவி நேரம் பார்த்து, மூன்று மணி நேரத்துக்குள் சரியாகப் பத்தாவது ஆளை எழுப்பினார். போன மாதம், அன்று படத்தை ஏற்றியிருந்த அதே அலுவலகத்திலிருந்து புதிய விலைப்புள்ளி அழைப்பு வந்தது. தேக்காவில் அதே மேசை. கோப்பைத் திறந்தார். குரல் நிற்காமல் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் அவரே நிறுத்தினார்.

“ரெண்டு மணி நேரத்துல பதினாறு பேரு கேக்குறாங்க, தம்பி. ஆளுக்கு ஆறு பேருதான் முடியும். இன்னும் ரெண்டு பேரு வேணும்” என்றவர், தோ பாயோவில் இருக்கும் கூட்டாளியின் எண்ணைப் போடச் சொல்லிக் கைப்பேசியிடம் பேசத் தொடங்கினார்.